வீரரின் அசைவை அளப்பது எப்படி? மோஷன் கேப்சர் பழகத் தொடங்குகிறவர்களுக்கு

பெங்களூருவில் விளையாட்டுக் காயங்களைப் பார்க்கும் பிசியோதெரபிஸ்ட் என்பதால், மோஷன் கேப்சர், அதாவது உடலின் அசைவைப் பதிவுசெய்து அளக்கும் முறை, பற்றி விசாரிக்கும் தமிழ் இளைஞர்கள் பலர் என்னிடம் வருகிறார்கள். அல்சூர், ஸ்ரீராமபுரம் பகுதிகளில் சிறுவர்களுக்குக் கால்பந்தும் கிரிக்கெட்டும் சொல்லித்தரும் பயிற்சியாளர்கள், பிசியோதெரபி படிப்பை இப்போதுதான் முடித்தவர்கள், இறுதியாண்டு பிராஜெக்ட் தேடும் பொறியியல் மாணவர்கள். பெரும்பாலும் அவர்களுடைய முதல் கேள்வி, “எந்தக் கேமரா வாங்கலாம்?” என்பதுதான். அந்தக் கேள்விக்கு மூன்றாம் இடம் கொடுங்கள். எதை அறிய வேண்டும் என்பது முதலாவது. எவ்வளவு துல்லியமாக அறிய வேண்டும் என்பது இரண்டாவது. இந்த இரண்டும் தெளிவானால், கையிலிருக்கும் கைபேசி போதுமா, ஆய்வகத்துக்குப் போக வேண்டுமா என்பது தானாகவே தெரிந்துவிடும்.

கேள்வியை ஒரே வரியில் எழுதுங்கள்

நோட்டை எடுத்து எழுதிப் பாருங்கள். “இவனுடைய பவுலிங் ஆக்‌ஷன் சரியாக இருக்கிறதா?” என்று எழுதினால் அதை எந்தக் கருவியாலும் அளக்க முடியாது. “முன்கால் தரையில் ஊன்றியதிலிருந்து பந்து கையைவிட்டுப் போகும்வரை முழங்கால் எத்தனை டிகிரி மடங்குகிறது?” என்று எழுதினால் அளக்கலாம். அளக்கத்தக்க கேள்வியில் மூன்று விஷயங்கள் இருக்கும்: எந்த மூட்டு, எந்தக் கணம், எந்தத் திசையில் அசைவு. மேலே உள்ள கேள்வியில் மூட்டு முழங்கால். கணம் கால் ஊன்றுவதிலிருந்து பந்தை விடும்வரை. திசை முன்பின்னான மடக்கம். முன்பின் மடக்கம் என்றால் கேமரா பக்கவாட்டில் நிற்க வேண்டும் என்பதும் இதிலேயே தெரிந்துவிடுகிறது.

கௌதமபுரத்தில் கால்பந்து ஆடும் ஒரு சிறுமிக்கு வேறு கேள்வி வேண்டும். துள்ளிக் குதித்துத் தரையிறங்கும்போது அவளுடைய முழங்கால் உள்பக்கமாகச் சாய்கிறதா என்று பார்க்க வேண்டும். முழங்காலுக்குள் இருக்கும் முன் சிலுவைத் தசைநார் கிழியும் ஆபத்து கால்பந்தில் ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். அப்படிக் கிழியும் தருணங்களில் முழங்கால் உள்நோக்கி விழுவதை அடிக்கடி காணலாம். இங்கே கேமரா முன்னால் நிற்க வேண்டும். கேள்வி மாறினால் கேமராவின் இடமும் மாறும், வேகமும் மாறும், சில சமயம் கருவியே மாறும்.

புள்ளிகளிலிருந்து எலும்புக்கூடு

1878இல் எட்வர்ட் மைப்ரிட்ஜ் வரிசையாக வைத்த கேமராக்களால், ஓடும் குதிரையின் நான்கு கால்களும் ஒரு கணம் தரையைவிட்டு எழுவதைப் படம்பிடித்துக் காட்டினார். அன்றிலிருந்து அடிப்படை யோசனை பெரிதாக மாறவில்லை: கண்ணுக்குப் பிடிபடாத வேகத்தை நிறுத்தி நிறுத்திப் பார்ப்பது. 1973இல் சுவீடன் உளவியலாளர் குன்னார் யோஹான்சன் இன்னொன்றைக் காட்டினார். மூட்டுகளில் மட்டும் ஒளிப்புள்ளிகளை வைத்து, உடலை இருட்டில் மறைத்துவிட்டாலும், நடப்பவர் மனிதர்தான் என்று பார்ப்பவர் உடனே சொல்லிவிடுகிறார். சில புள்ளிகளிலேயே அசைவின் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது. மோஷன் கேப்சர் நிற்பது இந்த நம்பிக்கையின் மேல்தான்.

ஆய்வகங்களில் உள்ள ஒளியியல் முறையில், கேமரா லென்ஸைச் சுற்றி அகச்சிவப்பு விளக்குகள் இருக்கும். வீரரின் உடலில் ஒட்டும் சிறு உருண்டைகளுக்கு மார்க்கர் என்று பெயர்; பெரும்பாலும் 14 மி.மீ. விட்டம். சாலைப் பலகையில் வண்டியின் விளக்கு பட்டதும் பளிச்சிடும் பூச்சு போன்றதுதான் இவற்றின் மேலும் இருக்கிறது. ஒவ்வொரு கேமராவுக்கும் தெரிவது வெறும் வெள்ளைப் புள்ளிகள். ஒரே புள்ளியைக் குறைந்தது இரண்டு கேமராக்கள் பார்த்தால் அது முப்பரிமாணத்தில் எங்கே இருக்கிறது என்று கணக்கிடலாம். கைகால்கள் ஒன்றையொன்று மறைக்கும் என்பதால் நடைமுறையில் எட்டு, பத்து, பன்னிரண்டு கேமராக்கள் வைக்கிறார்கள். வைகான், குவாலிசிஸ், ஆப்டிட்ராக் ஆகியவை இந்தத் துறையில் அடிக்கடி காதில் விழும் பெயர்கள்.

எக்ஸ்சென்ஸ் போன்ற சென்சார் முறையில் கேமராவே கிடையாது. உடலில் கட்டும் சிறு பெட்டிகளுக்குள் முடுக்கமானியும் சுழற்சிமானியும் காந்தமானியும் இருக்கும். மைதானத்திலேயே பயன்படுத்தலாம் என்பது பெரிய வசதி. ஆனால் இரும்புச் சாமான் நிறைந்த ஜிம்மில் காந்தமானி குழம்பிப்போகும்.

மூன்றாவது, மார்க்கரே இல்லாத முறை. வீடியோவைப் பார்த்து மூட்டுகள் எங்கே இருக்கின்றன என்று மென்பொருளே ஊகிக்கிறது. 2022 கத்தார் உலகக் கோப்பையில் ஆஃப்சைடு பார்க்க இதைத்தான் பயன்படுத்தினார்கள்: அரங்கக் கூரையில் 12 கேமராக்கள், ஒவ்வொரு வீரரிடமும் 29 புள்ளிகள், நொடிக்கு 50 முறை. நம் கைக்கு எட்டும் அளவில் கூகுளின் மீடியாபைப் இருக்கிறது. அது உடலில் 33 புள்ளிகளைக் காட்டும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உருவான ஓப்பன்கேப், இரண்டு ஐபோன்களைக் கொண்டே முப்பரிமாண அசைவைக் கணக்கிடுகிறது. ஆய்வுப் பயன்பாட்டுக்கு அது இலவசம். முழங்கால் மடங்குவது போன்ற பெரிய அசைவுகளை இவை நன்றாகப் பிடிக்கின்றன. தொடை தன் அச்சிலேயே திரும்புவது போன்ற நுணுக்கமான சுழற்சிகளில் இவற்றை அவ்வளவு நம்ப வேண்டாம்.

ஒரு கேமரா எங்கே ஏமாற்றும்

இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான்.

வலது கையைப் பக்கவாட்டில் நீட்டி, முழங்கையைச் சிறிது மடக்குங்கள். அந்த மடக்கத்தைக் கொஞ்சமும் மாற்றாமல், தோளிலிருந்து மட்டும் கையை உள்ளேயும் வெளியேயும் திருப்புங்கள். எதிரே இருப்பவரை ஒரே இடத்தில் நின்று கைபேசியில் பதிவுசெய்யச் சொல்லுங்கள். வீடியோவில் ஒரு கணம் கை மடங்கியும் மறுகணம் நேராகவும் தெரியும். முழங்கை நீளவே இல்லை. மடங்கிய தளம் கேமராவை நோக்கித் திரும்பியதால் நேரானதுபோலத் தெரிந்தது, அவ்வளவுதான்.

இலங்கைச் சுழற்பந்து வீச்சாளர் முத்தையா முரளிதரன் முழங்கையை நீட்டி விதிக்குப் புறம்பாகப் பந்தை எறிகிறார் என்ற விவகாரத்தில் தொலைக்காட்சியைப் பார்த்து ஊரே தீர்ப்புச் சொன்னது. அவருடைய முழங்கை பிறவியிலேயே முழுதாக நீளாதது. அப்படிப்பட்ட கை தோளில் சுழலும்போது, ஒரே கோணத்தில் பார்ப்பவருக்கு எறிவதுபோலத்தான் தோன்றும். 2004இல் மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தில் அவருடைய தூஸ்ரா என்ற பந்துவீச்சு வகை முப்பரிமாணத்தில் அளக்கப்பட்டது. அதையடுத்து வந்த சர்வதேச கிரிக்கெட் கவுன்சிலின் (ஐசிசி) விதிதான் இன்றும் நடைமுறையில் இருக்கிறது: மேல்கை கிடைமட்டத்துக்கு வந்ததிலிருந்து பந்து கையைவிட்டுப் போகும்வரை முழங்கை நீளும் அளவு 15 டிகிரியைத் தாண்டக் கூடாது. முழங்கை இயல்பான நேர்கோட்டையும் தாண்டிப் பின்பக்கமாக வளைவது இந்தக் கணக்கில் சேராது. வேகப்பந்து வீச்சாளர் பும்ராவின் கையைப் பார்த்துக் குழம்புகிறவர்களுக்கு இந்தக் கடைசி விவரம் பயன்படும்.

ஆகவே உங்கள் சிறுவனின் முழங்கை சட்டப்படி இருக்கிறதா என்பது கேள்வியானால், கைபேசியை உறையில் போட்டுவிடுங்கள். கைபேசி வீடியோவை வைத்து ஒரு பையனை “எறிகிறான்” என்று முத்திரை குத்துவது அநியாயம். சென்னை போரூரில் உள்ள ஸ்ரீ ராமச்சந்திரா மையம் இதற்காக ஐசிசி அங்கீகாரம் பெற்றது. பெங்களூருவிலிருந்து ஓர் இரவு ரயில் பயணம்தான்.

கைபேசியால் நேர்மையாகச் செய்யக்கூடியவை

ஒரே தளத்தில் நடக்கும் அசைவுக்குக் கைபேசியே போதும். ஓட்டத்தில் கால் விழும் இடம், பந்துவீச்சில் முன்கால் முழங்கால், குதிக்கும் உயரம், தரையிறங்கும் விதம் எல்லாம் இதில் அடங்கும். கினோவியா என்ற இலவச மென்பொருளைக் கணினியில் இறக்கிக்கொள்ளுங்கள். கோணம், நேரம், தூரம் மூன்றையும் அதில் அளக்கலாம்.

வேகத்தை முதலில் சரிசெய்யுங்கள். சாதாரண வீடியோ நொடிக்கு 30 ஃபிரேம். இன்றைய நல்ல கைபேசிகளின் ஸ்லோமோஷன் 240. இந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்பதைக் குதிப்பில் பாருங்கள். காற்றில் இருந்த நேரத்தின் வர்க்கத்தை 9.81ஆல் பெருக்கி 8ஆல் வகுத்தால் குதித்த உயரம் மீட்டரில் கிடைக்கும். அரை நொடி காற்றில் இருந்தால் ஏறக்குறைய 31 செ.மீ. 30 ஃபிரேம் வீடியோவில் கால் எழுந்த கணத்தை ஒரே ஒரு ஃபிரேம் தவறாகக் குறித்தால் விடை 35 ஆகிவிடும். ஒரு மாதப் பயிற்சியில் வரக்கூடிய முன்னேற்றத்தை அந்த ஒரு ஃபிரேமே காட்டிவிடும். 240இல் அதே தவறு அரை சென்டிமீட்டர்தான்.

பந்துவீச்சில் 240கூடச் சில இடங்களில் போதாது. மணிக்கு 130 கி.மீ. வேகத்தில் போகும் பந்து இரண்டு ஃபிரேம்களுக்கு இடையில் 15 செ.மீ. நகர்ந்துவிடும். முழங்காலைப் பார்க்க இது தடையல்ல; விரல் எந்தக் கணத்தில் பந்தை விட்டது என்று பார்க்கத் தடைதான். ஷட்டர் வேகத்தையும் கைமுறையாக 1/1000 அல்லது அதற்கும் குறைவான நொடிக்கு மாற்றுங்கள், இல்லையென்றால் கை வெறும் புகைபோலத் தெரியும். அதற்கு நல்ல வெளிச்சம் வேண்டும். உள்ளரங்கில் எடுத்தால் இன்னொரு தொல்லை: நம் நாட்டில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மலிவான விளக்குகள் நொடிக்கு 100 முறை மினுங்கும், ஸ்லோமோஷனில் படம் துடிக்கும். முடிந்தவரை காலை வெயிலில், சூரியன் கேமராவுக்குப் பின்னால் இருக்கும்படி எடுங்கள்.

கேமராவை முக்காலியில், இடுப்பு உயரத்தில், அசைவின் தளத்துக்குச் செங்குத்தாக நிறுத்துங்கள். அருகில் நின்று எடுக்காமல் 8 முதல் 10 மீட்டர் தள்ளி நின்று எடுங்கள். ஓரங்களில் வரும் கோணலும் இடமாறு தோற்றமும் குறையும். தூரத்தை அளக்க அளவுகோல் வேண்டும் அல்லவா? விளையாட்டே அதைத் தந்திருக்கிறது. ஸ்டம்பின் உயரம் 71.1 செ.மீ., பந்துவீசும் கிரீஸுக்கும் பாப்பிங் கிரீஸுக்கும் இடையே 1.22 மீட்டர். கால்பந்தில் கோல்கம்பத்தின் உயரம் 2.44 மீட்டர். ஆனால் அளவுகோலாக எடுக்கும் பொருள் வீரர் அசையும் அதே தளத்தில் இருக்க வேண்டும். பின்னால் தள்ளியிருக்கும் கோல்கம்பத்தை வைத்து முன்னால் ஓடுபவரின் அடியை அளந்தால் தப்பாகத்தான் வரும்.

ஒரு சின்ன எச்சரிக்கை. 240 ஃபிரேமில் எடுத்த கோப்பு பல கைபேசிகளில் நொடிக்கு 30 என்று சேமிக்கப்படும். கினோவியாவில் பதிவு வேகம் 240 என்று நீங்களே சொல்லாவிட்டால், அரை நொடிக் குதிப்பு நான்கு நொடியாகத் தெரியும்.

எலும்பைத் தேடி ஒட்டுங்கள்

ஆய்வகமாக இருந்தாலும் கைபேசியாக இருந்தாலும் மார்க்கர் ஒட்டும் வேலைக்கு நேரம் ஒதுக்குங்கள். கைபேசிக்குப் பளிச்சென்ற வட்ட ஸ்டிக்கரே போதும். கால்சட்டையின் மேல் ஒட்டாதீர்கள். துணி நகரும்.

முழங்காலில் வெளிப்பக்கம் விரலை வையுங்கள். வீரரைக் காலை மெதுவாக மடக்கி நீட்டச் சொல்லுங்கள். தொடை எலும்பு முடியும் இடத்தில் ஒரு மேடு தட்டுப்படும். காலை மடக்கினாலும் நீட்டினாலும் அது ஏறக்குறைய அதே இடத்தில் நிற்கும். அதற்குக் கீழே கெண்டைக்கால் எலும்பு சறுக்குவது விரலில் தெரியும். அந்த மேட்டில் ஒட்டுங்கள். கணுக்காலின் வெளிமுண்டு எளிது, கண்ணுக்கே தெரியும். இடுப்பில் முன்பக்கம் எலும்பு விளிம்பின் முனையைத் தேட வேண்டும். வயிற்றில் கொஞ்சம் சதை இருந்தால் நின்றபடி தேடுவது கடினம், படுக்கவைத்துத் தேடிப் பேனாவால் குறித்துவிட்டு எழுப்புங்கள். வியர்வையை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துக் காயவிட்ட பிறகே ஒட்ட வேண்டும். பெண் வீரர்களுக்கு ஒட்டும்போது பெண் ஒருவரே ஒட்டட்டும். தாயோ பெண் பயிற்சியாளரோ அருகில் இருக்கட்டும்.

எவ்வளவு கவனமாக ஒட்டினாலும் தோல் எலும்பின் மேல் வழுக்கும். கால் தரையில் மோதும் கணத்தில் தொடைச் சதை அலைபோல அதிரும், அதன் மேல் ஒட்டிய மார்க்கர் ஒரு சென்டிமீட்டருக்கும் மேல் நகரலாம். இந்தத் துறையின் மிகப் பெரிய பிழை கேமராவில் இல்லை, இந்தச் சதையில்தான் இருக்கிறது. அரை மில்லிமீட்டர் துல்லியம் என்று கருவி விற்பவர் சொல்வது மார்க்கரின் இடத்துக்கு. எலும்பின் இடத்துக்கு அல்ல.

பதிவும் சுத்தம் செய்தலும்

ஆய்வகத்தில் முதல் வேலை கேலிப்ரேஷன். அளவு தெரிந்த மார்க்கர்கள் பதித்த ஒரு கோலைப் பதிவு நடக்கும் இடம் முழுவதும் ஆட்டிக் காட்டுவார்கள். கேமராக்கள் ஒன்றுக்கொன்று எங்கே இருக்கின்றன என்று மென்பொருள் அதிலிருந்து தெரிந்துகொள்ளும். அதன் பிறகு யாரும் கேமராவைத் தொடக் கூடாது. அடுத்து, வீரர் அசையாமல் நிற்கும் ஒரு பதிவு. உடல் உறுப்புகளின் நீளமும் மூட்டு மையங்களும் இதிலிருந்துதான் கணக்கிடப்படுகின்றன, அவசரப்படுத்தாதீர்கள். பிறகு உண்மையான அசைவு. ஒன்று போதாது, வீரர் உடலைச் சூடேற்றிய பிறகு, வழக்கமான வேகத்தில், ஐந்தாறு முறையாவது எடுங்கள். ஷூவில் பளபளக்கும் பட்டை இருந்தால் கறுப்பு டேப் ஒட்டுங்கள். கேமரா அதையும் மார்க்கர் என்று எண்ணும்.

வீட்டுக்கு வந்தபின்தான் பொறுமை வேண்டும். எந்தப் புள்ளி எந்த மூட்டு என்று பெயரிடுவது, கை மறைத்ததால் விட்டுப்போன இடங்களை நிரப்புவது, நடுக்கத்தை வடிகட்டுவது எல்லாம் இங்கே நடக்கும். இடைவெளி சில ஃபிரேம்கள்தான் என்றால் மென்பொருள் நிரப்பட்டும். பந்தை விடும் கணத்திலேயே மணிக்கட்டு மார்க்கர் காணாமல் போயிருந்தால் நிரப்பாதீர்கள், அந்தப் பதிவையே ஒதுக்குங்கள். மிக முக்கியமான இடத்தில் இருப்பது மென்பொருளின் கற்பனை என்றால் அந்த எண்ணால் என்ன பயன்?

வடிகட்டுவது ஏன் அவசியம்? ஒரு மார்க்கர் நொடிக்கு 20 முறை வெறும் 1 மி.மீ. நடுங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து முடுக்கத்தைக் கணக்கிட்டால் 15.8 மீ/வி² வரும். புவியீர்ப்பு முடுக்கத்தைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல். கண்ணுக்கே தெரியாத நடுக்கம் பெரிய அசைவாக மாறிவிடுகிறது. நடையை ஆராயும்போது 6 ஹெர்ட்ஸுக்கு, அதாவது நொடிக்கு 6 முறைக்கு, மேலுள்ள அசைவை வடிகட்டுவது வழக்கம். ஓட்டத்துக்கும் பந்துவீச்சுக்கும் அந்த எல்லையை உயர்த்த வேண்டும், இல்லையென்றால் கால் மோதும் உண்மையான அதிர்ச்சியும் சேர்ந்து கரைந்துபோகும். எந்த எல்லை வைத்தீர்கள் என்பதை அறிக்கையில் எழுதுங்கள்.

எண்களைப் படிப்பது

“சார், இவன் முழங்கால் 150 டிகிரி வருகிறது. ஸ்டார்க்குக்கு எவ்வளவு?” என்று ஒரு பவுலரின் தந்தை கேட்டார் (முழுதாக நீண்ட கால் 180 டிகிரி என்ற கணக்கில்). பெற்றோர் பலர் இதைக் கேட்கிறார்கள், அக்கறையில்தான். ஆனால் 15 வயதுப் பையனின் உயரமும் எடையும் தசைவலுவும் வேறு. முன்காலை நேராக வைத்து வீசுகிறவர்களின் பந்து வேகமாகப் போகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன, உண்மைதான். அதே முன்கால் ஊன்றும்போது தரையிலிருந்து உடல் எடையின் பல மடங்கு விசை மேலே வருகிறது. அதைத் தாங்கத் தொடையும் இடுப்பும் தயாராக இல்லாத பையனிடம் ஒரு சாம்பியனின் கோணத்தைத் திணித்தால், கீழ்முதுகு எலும்பில் விரிசல் விழலாம். இளம் வேகப்பந்து வீச்சாளர்களைப் பல மாதங்கள் ஆட்டத்தைவிட்டு விலக்கிவைக்கும் காயம் அது. ஒப்பிட வேண்டியது அவனுடைய போன மாத எண்ணோடுதான்.

அப்படி ஒப்பிடும்போதும், நல்ல ஆய்வகங்களிலேயே வேறொரு நாள் மார்க்கரை எடுத்து ஒட்டினால் 2 முதல் 5 டிகிரிவரை வித்தியாசம் வருவது சகஜம். எனவே “போன மாதம் 150, இந்த மாதம் 152, முன்னேற்றம்” என்று எழுதாதீர்கள். உங்கள் கையின் பிழையைத் தெரிந்துகொள்ள ஓர் எளிய வழி: ஒரே நாளில் மார்க்கர்களைக் கழற்றி மறுபடி ஒட்டி, அதே வீரரை மீண்டும் எடுங்கள். வரும் வித்தியாசத்தைவிடப் பெரியதாக இருந்தால்தான் மாற்றத்தை மாற்றம் என்று சொல்லலாம்.

வீரரிடம் பேசும்போது எண்களைக் குறையுங்கள். ஸ்லோமோஷனை ஓடவிட்டு, அந்த ஒரு கணத்தில் நிறுத்தி, “இங்கே பார், முழங்கால் கட்டைவிரலுக்கு உள்ளே போகிறது” என்று காட்டினால் சிறுமிக்கே புரியும். எண்கள் பயிற்சியாளரின் நோட்டில் இருக்கட்டும்.

ஆய்வகத்துக்குப் போகும் முன்

18 வயதுக்குட்பட்டவர் என்றால் பெற்றோரின் எழுத்துபூர்வ சம்மதம் இல்லாமல் கேமராவை எடுக்காதீர்கள். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சிறுவர்களின் தரவுக்குப் பெற்றோர் சம்மதத்தைக் கேட்கிறது. தமிழோ கன்னடமோ, அவர்கள் படிக்கிற மொழியில் படிவம் இருக்கட்டும். எதற்காக எடுக்கிறோம், யார் பார்ப்பார்கள், எப்போது அழிப்போம் என்ற மூன்றையும் அதில் எழுதுங்கள். வாட்ஸ்அப் குழுவில் அந்த வீடியோவைப் போடாதீர்கள்.

சுழற்சி சம்பந்தப்பட்ட கேள்வி, திரும்பத் திரும்ப வரும் காயம், விசையை அளக்க வேண்டிய தேவை, இந்த மூன்றில் ஒன்று இருந்தால் ஆய்வகம் தேடுங்கள். பெங்களூருவில் பெரிய மருத்துவமனைகளின் விளையாட்டு மருத்துவப் பிரிவுகளிலும் தனியார் பயிற்சி மையங்களிலும் முதலில் விசாரிக்கலாம். மைசூர் சாலைப் பக்கத்தில் உள்ள இந்திய விளையாட்டு ஆணையத்தின் தென்மண்டல மையமும், 2024இல் விமான நிலையத்தின் பக்கம் புது வளாகத்துக்கு மாறிய பிசிசிஐ மையமும் பெரும்பாலும் தங்கள் அமைப்புக்குள் இருக்கும் வீரர்களுக்கானவை. மாநிலச் சங்கம் வழியாகத்தான் அங்கே வழி பிறக்கும். போனில் கேட்கும்போதே மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: தரையில் விசைத் தட்டு (கால் ஊன்றும் விசையை அளக்கும் பலகை) இருக்கிறதா, ரன்-அப் முழுதாக ஓட இடம் இருக்கிறதா, மூலத் தரவை சி3டி கோப்பாகக் கையில் தருவார்களா. அந்தக் கோப்பு கிடைத்தால் பிறகு வேறு மென்பொருளிலும் திறந்து பார்க்கலாம்.

போகும் நாளில் வீரர் இறுக்கமான கறுப்பு ஷார்ட்ஸும், மைதானத்தில் போடும் அதே ஷூவும் கொண்டுவரட்டும். உடம்பில் எண்ணெயோ லோஷனோ பூச வேண்டாம், மார்க்கர் ஒட்டாது. முந்தைய நாள் கடுமையான பயிற்சி வேண்டாம். நோட்டில் எழுதிய அந்த ஒரு வரிக் கேள்வியை ஆய்வகத்தில் இருப்பவரிடம் முதலில் காட்டுங்கள். எந்த மார்க்கர் தொகுப்பை ஒட்டுவது என்று அவர் அதைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்.